இரண்டாம் தளத்தில் எலாடியோ

ஸ்ப்ரூஸ் ஃபோர்க், அயோவா
ஜூலை 5, 1988

என் செல்ல மார்லிஸுக்கு,

பள்ளிப் பேருந்தின் ஸ்டியரிங் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். கோடை வகுப்புப் பிள்ளைகள் வெளியே வர இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் ஸ்டியரிங்கைத் திட்டிக்கொள், என்னை விட்டுவிடு.

நீ போர்ட் ஆல்டனுக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. தொலைபேசியில் கூப்பிட்டால் "ம்", "சரிம்மா" இந்த இரண்டைத் தவிர உன்னிடமிருந்து எதுவும் வருவதில்லை. கடிதத்திலாவது நாலு வரி பேசுகிறாய். ஆலையில் உன் அப்பா அடிக்கும் தம்பட்டம் தாங்கவில்லை. "எம் பொண்ணு காலேஜுல கணக்குப் படிச்சவ. ஹெரன்ஸ் டீம் ஆபீஸ்ல அவ நம்பர் போட்டாத்தான் ஒரு ஆள எடுப்பாங்க" என்று ஓட்ஸ் மூட்டை ஏற்றுகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். நீ பாதி நாள் நகல் இயந்திரத்தோடுதான் மல்லுக்கட்டுகிறாய் என்று எழுதியதை நான் வெளியே விடவில்லை.

உன் அறையில் எலாடியோ நன்றாக இருக்கிறான். ஹெரன்ஸ் பேஸ்பால் அணிக்கு ஆள் தயார் செய்யும் நம் ஊர் மில்லர்ஸில் ஆட வரும் பையன்களுக்கு ஆளுக்கொரு வீடு இடம் கொடுக்கும் வழக்கத்தில் இத்தனை வருஷம் அறை இல்லை என்று சாக்கு சொல்லித் தப்பித்தேன். நீ கிளம்பியதும் மாட்டிக்கொண்டேன். ஏப்ரல் பனியில் இரண்டு கம்பளிச் சட்டைக்கு மேல் உன் அப்பாவின் வேட்டைக் கோட்டையும் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போன டொமினிக்கன் நாட்டுப் பையன், இப்போது பத்துக்கு மூன்று முறை அடித்துவிட்டுத்தான் உட்காருகிறான், அதுவே பெரிய கணக்கு என்கிறார் உன் அப்பா. ஷார்ட்ஸ்டாப்பில் நின்றானென்றால் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே எலி கூட நுழையாது. ஆங்கிலம்தான் இன்னும் வரவில்லை. சிரித்தே சமாளிக்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஹெரன்ஸ் முதலிடத்துக்கு இரண்டே ஆட்டம் பின்னால் இருக்கிறது, கால்வெஸ்டன் அணியின் பந்துவீச்சாளர் ராய்ஸ் கெம்பரைக் கொண்டுவரப் போகிறார்கள், பதிலுக்கு மில்லர்ஸிலிருந்து மூன்று வளரும் பையன்களைக் கொடுக்க வேண்டும், முதல் பெயர் எலாடியோ என்று வானொலியில் சொன்னார்கள். உன் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"கெம்பர் வந்தாப் போதும். அக்டோபர்ல கோப்பை நம்மளது!"

"எலாடியோவக் குடுத்துட்டா?"

"மூணு பசங்க, வெர்னா. மூணே மூணு பசங்க. நான் நாப்பது வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன்."

"அப்ப கெம்பரையே உன் பொண்ணு ரூம்ல படுக்க வெச்சுக்கோ. முப்பத்திமூணு வயசு, மீசை வேற."

அன்றிலிருந்து நாங்கள் நேராகப் பேசிக்கொள்வதில்லை. எலாடியோதான் நடுவில். "டான் எமில், மம்மா சொல்லுது, உப்பு" என்கிறான் உன் அப்பாவிடம். அவன் ஊரில் டான் என்றால் ஐயாவாம்.

நீ அங்கேயே இருக்கிறாய். சொல், அது உண்மையா?

பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

உன்னை நினைத்துக்கொண்டே வண்டி ஓட்டும்,
அம்மா வெர்னா


போர்ட் ஆல்டன்
ஜூலை 9, 1988

அன்புள்ள அம்மாவுக்கு,

கசகசா வைத்த கோலாச் ரொட்டிப் பெட்டி வந்தது. ஒன்றுகூட நசுங்கவில்லை. நகல் எடுக்கும் அறையில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பாதி காணோம்.

இங்கே வானிலை நன்றாக இருக்கிறது. ஏரிக் காற்று வீசுகிறது.

அலுவலகத்தில் எல்லோரும் பரபரப்பாக இருக்கிறார்கள். செவ்வாய்தோறும் பொது மேலாளர் திரு. டுவயரின் அறையில் கூட்டம் நடக்கும். நீள மேசையைச் சுற்றி ஒன்பது ஆண்கள், கதவோரத்தில் நான். என் தாள்களை விநியோகித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். ஆறு மாதத்தில் அந்த அறையில் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. தலைமைத் தேர்வாளர் பட் கெல்ஸோ, முப்பது வருஷமாக ஊர் ஊராய்ப் போய்ப் பையன்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறவர், போகும்போதெல்லாம் என் மேசையைத் தட்டுவார். "ஏம்மா கால்குலேட்டர், பேட்டரி தீந்துபோச்சா?" நான் சிரிப்பேன். பதில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தோன்றும்.

நீ கேட்டதைப் பற்றி நான் எழுத முடியாது அம்மா. அலுவலகப் பேச்சை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நேற்று கொஞ்சம் தூறல். இன்று வெயில்.

எலாடியோவிடம் என் மேசை இழுப்பறை அடிக்கடி சிக்கிக்கொள்ளும் என்று சொல். வலப்பக்கம் சற்றுத் தூக்கி இழுக்க வேண்டும்.

அன்பு மாறாத,
மார்லிஸ்


ஸ்ப்ரூஸ் ஃபோர்க்
ஜூலை 13, 1988

மார்லிஸ் கண்ணு,

ஒரே கடிதத்தில் இரண்டு முறை வானிலை. பன்னிரண்டு வயதில் ஜன்னலை உடைத்துவிட்டு மேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தவள்தானே நீ. ஆக, உண்மைதான். சரி, இனி நான் கேட்கவில்லை. சொல்ல மட்டும் செய்கிறேன்.

திங்கட்கிழமை கால்வெஸ்டன் தேர்வாளர் வந்திருந்தார். வைக்கோல் தொப்பி, கையில் ஸ்டாப்வாட்ச், மட்டையாளருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை. ஊருக்கே தெரிந்துவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆட்டத்துக்குப் போகுமுன் எலாடியோவுக்குப் பன்றி வறுவல், புளித்த முட்டைக்கோஸ், நாலு மாவு உருண்டை வைத்தேன். நாலு! உன் மாமா அதில் மூன்று தின்றுவிட்டு ஒரு முறை கல்யாணத்துக்கே போகாமல் தூங்கியவர். இவன் தின்றான், எழுந்தான், போனான், மூன்று முறை அடித்தான், ஒரு முறை வீசுகிறவன் அசந்த நேரம் ஓடி அடுத்த தளத்தைத் திருடினான். அந்தத் தொப்பிக்காரர் எழுதினார், எழுதினார், அப்படி எழுதினார். என் சமையலே எனக்கு எதிரியாகிவிட்டது.

உன் அப்பா சொல்லும் நியாயம் ஒன்றுதான். ஹெரன்ஸில் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் பிரெண்டன் ஷா நிற்கிறான், அவனுக்கு இருபத்தாறு வயது, இன்னும் ஆறு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள், எலாடியோ போய் எங்கே நிற்பான் என்கிறார். ஏன், இரண்டாம் தளத்தில் நிற்கட்டுமே? பக்கத்து இடம்தானே? பையனுக்கு என்ன கை! நேற்று பாத்திரம் துடைக்கும்போது என் கைநழுவிய தட்டை, திரும்பிப் பார்க்காமலே, தரைக்கு ஒரு சாண் மேலே பிடித்தான். எங்கே நிறுத்தினாலும் ஆடுவான் என்று உன் மேலதிகாரிக்கு யாராவது எடுத்துச் சொன்னால் தேவலை.

நான் கேட்கவில்லை. சொன்னேன், அவ்வளவுதான்.

உன் அம்மா,
வெர்னா


போர்ட் ஆல்டன்
ஜூலை 17, 1988

அன்புள்ள அம்மாவுக்கு,

இன்று நீளமாக எழுத மனமில்லை. நேற்று அவசரமாகக் கூட்டம் கூட்டினார்கள், அதற்கு ஒரு தாள் தயாரித்துக் கொடுத்தேன். என்ன தாள் என்று கேட்காதே. அதைப் படித்துவிட்டு திரு. டுவயர் தலையை நிமிர்த்தி, "இது ஸ்ப்ரூஸ் ஃபோர்க்ல இருந்து வந்த தகவலா?" என்று கேட்டார். எல்லோரும் கதவோரம் திரும்பிப் பார்த்தார்கள். "ஆமா சார்" என்றேன்.

அந்த அறையில் நான் பேசிய முதல் வார்த்தை அது. முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவர் குறித்துக்கொண்டார்.

வெயில் அதிகமாகிவிட்டது.

மார்லிஸ்


ஸ்ப்ரூஸ் ஃபோர்க்
ஜூலை 22, 1988

என் மார்லிஸுக்கு,

எந்த மடையன் சொன்னானோ தெரியவில்லை, எலாடியோவை இரண்டாம் தளத்தில் நிறுத்திவிட்டார்கள்! மேலிடத்து உத்தரவாம். மூன்று நாளாக ஆடுகிறான், அதை ஆட்டம் என்று சொன்னால். ஷார்ட்ஸ்டாப்பில் ஓடி வருகிறவன் கண்ணுக்கு முன்னால் வருவான். இங்கே முதுகுக்குப் பின்னால் வருகிறான். திரும்பி எறிவதற்குள் எதிராளி சறுக்கி வந்து காலை வாரிவிடுகிறான். மூன்று நாளில் ஐந்து பிழை. முழங்காலுக்குக் கீழே ஒரு கத்திரிக்காய் அளவுக்கு வீங்கியிருக்கிறது. நம் ஊர்க்காரர்களே "மூட்டையத் தூக்கிட்டு வந்து நிறுத்தினாங்களா?" என்று கத்துகிறார்கள்.

நானும் இரண்டாம் தளம் என்று உனக்கு எழுதினேன்தான். ஆனால் அது அம்மா மகளிடம் சமையலறையில் பேசுகிற பேச்சு. அதே யோசனை பெரிய ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் எவனுக்கோ வந்திருக்கிறது பார், அவனுக்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள்!

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நேற்று ஆட்டம் இல்லை. மதியம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். கோபத்தில் உன் அப்பாவிடம் நேராகவே பேசிவிட்டேன்.

"பையன் கால நொண்டுறான், நீ இன்னும் கெம்பர் கெம்பர்னு ரேடியோவக் கட்டிக்கிட்டு அழு."

"ரெண்டாம் தளத்துல நிக்க வெச்சது நானா? கால்வெஸ்டனுக்குக் குடுத்திருந்தா அவன் கால் நல்லா இருந்திருக்கும்."

"குடுக்குறதுக்கு அவன் என்ன உங்க ஆலை மூட்டையா?"

அப்போது எலாடியோ முள்கரண்டியைக் கீழே வைத்தான். "மம்மா. டான் எமில். நான் பேசலாமா?"

நம் வீட்டுக் குளிர்பெட்டி வாய் திறந்து பேசியது போல நாங்கள் இருவரும் அவனைப் பார்த்தோம்.

"நான் இங்கிலீஷ் கொஞ்சம் பேசும். நிறையக் கேக்கும்."

"அப்ப இத்தன நாளா நாங்க பேசினதெல்லாம்?" என்றேன்.

"எல்லாம் கேட்டேன். மீசை கூட."

உன் அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. எலாடியோ சிரிக்கவில்லை. மேசைமேல் உப்புக் குப்பியை ஒரு பக்கம் வைத்தான், மிளகுக் குப்பியை அதன் பின்னால் வைத்தான். "இது ஷா. இது நான். ஆறு வருஷம். அப்ப எனக்கும் இருபத்தாறு." பிறகு மிளகுக் குப்பியை மேசையின் மறுகோடிக்கு நகர்த்தினான். "கால்வெஸ்டன். அங்க ஷார்ட்ஸ்டாப் வயசான ஆள், முட்டி போச்சு. செப்டம்பர்ல நானே நிக்கலாம். நான் போகணும் மம்மா. தினம் காலைல சாமிகிட்ட கேக்குறேன். நீங்க எதிர்ப்பக்கம் கேக்குறீங்க. சாமிக்குக் குழப்பம்."

"நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார் உன் அப்பா.

"நீ உனக்காகச் சொன்ன எமில். அவனுக்காகச் சொல்லல. வாய மூடு."

மூடிக்கொண்டார். அவருக்கே கூச்சமாகிவிட்டது. எழுந்து போய் எலாடியோவின் காலுக்குப் பனிக்கட்டி கொண்டுவந்து கட்டினார்.

நேற்றிலிருந்து அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். நம் மேசையில் நம் உருண்டையைத் தின்றுகொண்டே ஒருவன் போகணும் என்கிறான். நீயும் அந்த நாற்காலியில் இருந்துதான் சொன்னாய். அன்றும் நான் அடுப்பைத் தேய்த்தேன் என்று நினைக்கிறேன்.

இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்வது?

அம்மா


போர்ட் ஆல்டன்
ஜூலை 25, 1988

அன்புள்ள அம்மா,

அந்த மடையன் நான்தான்.

உட்கார்ந்துகொண்டு படி. கெம்பருக்காக எலாடியோவையும் மற்ற இருவரையும் கொடுக்கலாமா என்று எண்களைப் போட்டுச் சொல்லும் வேலையை டுவயர் என்னிடம்தான் கொடுத்தார். நேர்மையாகப் போட்டபோது விடை "கொடுக்கலாம்" என்றுதான் வந்தது. கெம்பர் வந்தால் நம் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. எலாடியோவை வைத்துக்கொண்டால் ஷாவுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்த்தி வைப்பதைத் தவிர வழியில்லை. விடை எனக்குப் பிடிக்கவில்லை. என் அறையில் தூங்குகிறவன், உனக்குப் பாத்திரம் துடைத்துக் கொடுக்கிறவன், அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொள்கிறவன். அந்த நேரம் பார்த்து உன் தட்டுக் கடிதம் வந்தது. "ஸ்ப்ரூஸ் ஃபோர்க்கிலிருந்து கிடைக்கும் தகவலின்படி இவரை இரண்டாம் தளத்துக்கு எளிதில் மாற்றலாம்" என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரியில் விடை "கொடுக்க வேண்டாம்" என்று புரண்டுவிட்டது. டுவயர் அதை நம்பித்தான் சோதித்துப் பார்க்க உத்தரவு போட்டார்.

நான் அவனைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவனிடம் யாரும் கேட்கவே இல்லை. நானும் கேட்கவில்லை.

நாளைக்குச் செவ்வாய். கூட்டத்தில் எழுந்து சொல்லப் போகிறேன். சொல்ல வேண்டியதைப் பத்து முறை எழுதிப் பார்த்துவிட்டேன். தாளில் எல்லாம் நன்றாகத்தான் வருகிறது. வேலை போனாலும் போகும். அப்பாவிடம் இப்போது எதுவும் சொல்லாதே, ஆலையில் அவர் தலை குனிய வேண்டாம்.

நான் இதை உனக்கு எழுதுவதே தப்பு. ஆனால் உன் பெயரைச் சொல்லாமல் உன் தட்டை எடுத்துக்கொண்டேன். அதனால் உனக்குத் தெரிய வேண்டும்.

மார்லிஸ்


போர்ட் ஆல்டன்
ஜூலை 28, 1988

அன்புள்ள அம்மா,

வேலை இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கூட்டம் முடியும் தறுவாயில் எழுந்தேன். பென்சிலை மேசைமேல் வைத்தேன்.

"என்னம்மா?" என்றார் டுவயர்.

"அந்தத் தாள் தப்பு சார்."

"எந்த இடம்?"

"ரெண்டாம் தளம். ஸ்ப்ரூஸ் ஃபோர்க் தகவல்னு எழுதியிருந்தேன். அது எங்கம்மா சார்."

கெல்ஸோ நாற்காலியைத் திருப்பினார். "உங்கம்மா எந்த டீமுக்குத் தேர்வாளர்?"

"ஸ்கூல் பஸ் ஓட்டுறாங்க."

"எதப் பாத்து ரெண்டாம் தளம்னு முடிவு பண்ணாங்க?"

"தட்டு சார். கைதவறி விழுந்த தட்டு. அவன் பிடிச்சான்."

எட்டுப் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டுவயர் மட்டும் சிரிக்கவில்லை. மறுபடி உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் நிற்பதற்குப் பட வேண்டிய பாடெல்லாம் பட்டாகிவிட்டது, மிச்சத்தையும் சொல்லிவிடலாம் என்று நின்றேன்.

"அவன் எங்க வீட்லதான் தங்கியிருக்கான் சார். என் ரூம்ல. அவனக் குடுக்கக் கூடாதுன்னு எனக்கு ஆசையா இருந்துச்சு. அந்த ஆசைய எண்ணு மாதிரி எழுதிட்டேன்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"இப்ப என்ன சொல்ற?"

"குடுக்கலாம். இங்க வெச்சிருந்தா ஷாவுக்குப் பின்னாடி ஆறு வருஷம் உக்காந்திருப்பான். அங்க போனா ஆடுவான். நமக்கு கெம்பர் கெடைப்பார். நமக்கும் நல்லது, அவனுக்கும் நல்லது."

"அவனுக்கும்கிறத எந்தக் கட்டத்துல போட்டிருக்க?" என்றார் கெல்ஸோ.

"அதுக்குக் கட்டம் இல்ல சார்."

டுவயர் என் தாளை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இந்த சீசன் முடியற வரைக்கும் கெல்ஸோ கையெழுத்து இல்லாம உன் தாள் எதுவும் என் மேசைக்கு வரக் கூடாது. உக்காரு." உட்கார்ந்தேன். நியாயமான தண்டனைதான். ஒரு பொய் வரியால் ஒரு பையன் கால் வீங்கியிருக்கிறது.

வெளியே வந்ததும் கெல்ஸோ என் மேசையைத் தட்டினார். "பேட்டரி இருக்கு போல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமையோடு அணிகள் ஆட்களைக் கைமாற்றும் காலம் முடிகிறது. இந்தக் கடிதம் வரும்போது நீ வானொலியில் கேட்டிருப்பாய். என்மேல் கோபப்படு, ஆனால் எழுது.

மார்லிஸ்


போர்ட் ஆல்டன்
ஆகஸ்ட் 12, 1988

அம்மா,

எலாடியோவைக் கைமாற்றிப் பன்னிரண்டு நாளாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தொலைபேசியில் அப்பாதான் எடுக்கிறார். "உங்கம்மா வேலையா இருக்கா" என்கிறார். பின்னால் எதையோ தேய்க்கும் சத்தம் கேட்கிறது. கெம்பர் இரண்டு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்துவிட்டார் என்று அப்பா குழந்தை மாதிரி சந்தோஷப்படுகிறார். நடுவே நடுவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்.

நானே தொலைபேசியில் இத்தனை நேரம் பேசுகிறேன் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்.

மார்லிஸ்


ஸ்ப்ரூஸ் ஃபோர்க்
ஆகஸ்ட் 20, 1988

மார்லிஸ்,

மூன்று வாரம் கோபமாக இருந்தேன். யார்மேல் என்று தெரியவில்லை, அதனால் உன்மேல் வைத்துக்கொண்டேன். நீ தூரத்தில் இருக்கிறாய், வசதி.

கால்வெஸ்டனிலிருந்து அவனைத் தங்கள் இளையோர் அணிக்கு உடனே வரச் சொன்னார்கள். கைமாற்றிய மறுநாள், திங்கட்கிழமை காலை, நான் வேலையில் இருந்தேன், உன் அப்பாவும் ஆலையில். வழியில் பார்த்தால், பையன் பெட்டியோடு நடந்தே பேருந்து நிலையத்துக்குப் போகிறேன் என்கிறான், நொண்டிக்கொண்டு! ஏறு என்றேன். கோடை வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேரும் உள்ளே இருக்க, பள்ளிப் பேருந்திலேயே கொண்டுபோய் விட்டேன். பிள்ளைகளுக்கெல்லாம் அவனைத் தெரியும். ஜன்னலில் தொங்கிக்கொண்டு கத்தினார்கள். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு வழி மாறிப் போனதற்கு விளக்கம் கேட்டார். "கண்ணு கலங்கிடுச்சு, வளைவு தெரியல" என்றேன். பாதி உண்மை.

ஏறும்போது என்னைக் கட்டிக்கொண்டு, "மம்மா, சாமி குழப்பம் தீந்துச்சு" என்றான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பேருந்து போன பிறகுதான் யோசித்தேன், நீ எழுந்து நின்று பேசியிருக்காவிட்டால் இந்த நேரம் இவன் இரண்டாம் தளத்தில் இன்னொரு அடி வாங்கிக்கொண்டிருப்பான். நீ, ஒன்பது ஆண்கள் முன்னால்! பல் மருத்துவரிடம் எந்தப் பல் வலிக்கிறது என்றுகூடச் சொல்லாதவள். அதை நினைக்கும்போது கோபம் கொஞ்சம் குறைந்தது. பெருமையை உடனே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, அதற்கு இன்னும் இரண்டு வாரம் ஆனது.

என் தட்டைப் பற்றி மேலதிகாரியிடம் சொன்னது மட்டும் மன்னிப்புக்கு உரியதல்ல. எட்டு ஆண்கள் சிரித்தார்களா?

கோலாச் அனுப்பியிருக்கிறேன். கெல்ஸோவுக்கு இரண்டு கொடு.

அம்மா


போர்ட் ஆல்டன்
செப்டம்பர் 3, 1988

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று கால்வெஸ்டன் எலாடியோவைப் பெரிய அணிக்கு ஏற்றிவிட்டது. அந்த முட்டி போனவர் உட்கார்ந்துவிட்டார். பதினான்காம் தேதி மதியம் அவர்கள் இங்கே ஆட வருகிறார்கள். இரண்டு டிக்கெட் வைத்திருக்கிறேன், மூன்றாம் தளத்துப் பக்கம், வேலியை ஒட்டி. எதிரணி உட்காரும் பக்கம் அதுதான், அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. நான் கெல்ஸோவோடு மாடியில் குறிப்பெடுக்க வேண்டும், ஆட்டம் முடிந்துதான் வர முடியும்.

அன்று நமக்காகப் பந்து வீசப்போவது கெம்பர்.

அவசியம் வா.

உன் மார்லிஸ்


ஸ்ப்ரூஸ் ஃபோர்க்
செப்டம்பர் 17, 1988

என் மார்லிஸுக்கு,

வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். உன் அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. சொல்கிறேன்.

மாடியிலிருந்து நீ ஆட்டத்தைப் பார்த்திருப்பாய். வேலியோரத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. ஆட்டத்துக்கு முன் எலாடியோ ஓடி வந்தான். புதுச் சட்டை, முகம் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. "டான் எமில், கெம்பர் பந்து எப்படி? வளையுமா?" என்று கேட்டான். உன் அப்பா ஹெரன்ஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், எதிரிக்கு எப்படிச் சொல்வார்? நெளிந்தார். வாயைத் திறந்தார், மூடினார். கடைசியில் கையால் கீழ்நோக்கி ஒரு வளைவு காட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார்.

பிறகு என்னிடம் கேட்டான். "மம்மா, என்னக் குடுக்கலாம்னு இங்க ஒரு பொண்ணு எழுந்து சொன்னாளாம். கால்வெஸ்டன்ல எல்லாரும் பேசுறாங்க. யாரு?"

"எம் பொண்ணு."

"இழுப்பறைப் பொண்ணா!" என்று கத்தினான். "அப்ப ரெண்டாம் தளம்? அது யாரு சொன்னது?"

"அதுவும் அவதான். பாதி நான்."

வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தான். பேன்ட்டைத் தூக்கி முழங்காலுக்குக் கீழே தழும்பைக் காட்டினான். "இதுல பாதி மம்மா, பாதி அவ" என்றான். உன்னைப் பார்க்க வேண்டும் என்று மேலே மேலே பார்த்தான். எந்த ஜன்னல் என்று எனக்கும் தெரியவில்லை, இருவரும் எல்லா ஜன்னலுக்கும் கையாட்டினோம். நீ பார்த்திருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கடைசிச் சுற்றான ஒன்பதாவதில் அவன் கெம்பரின் பந்தை அடித்தபோது, பந்து வலப்புறச் சுவரில் மோதியபோது, அவர்கள் ஆட்கள் இரண்டு பேர் ஓடி வந்து புள்ளி எடுத்து நம் அணி தோற்றபோது, முப்பதாயிரம் பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் எழுந்து குதித்தவள் உன் அம்மா ஒருத்திதான். பின்னாலிருந்து ஒருவன், "ஏம்மா, எந்த ஊரு நீ?" என்றான். "ஸ்ப்ரூஸ் ஃபோர்க். அந்தப் பையன் எங்க வீட்டுப் பையன். அந்த கெம்பர இங்க கொண்டுவந்தது எம் பொண்ணு. ரெண்டும் எங்களுதுதான், உனக்கு என்ன?" என்றேன். உன் அப்பா தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆனால் தொப்பிக்குக் கீழே அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்டது. "கீழ வளையும்னு காட்டிக் குடுத்துட்டேனே, பாவி!" என்றார். அதற்குத்தான் பேசாமல் இருக்கிறார். என்மேல் கோபம் இல்லை, தன்மேல்தான். கெம்பர் மறுபடி ஜெயித்தால் சரியாகிவிடுவார். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, முதலிடம் நம்முடையதாகவும் ஆகலாம்.

ஆட்டம் முடிந்து நீ வந்து எங்களோடு நின்ற அரைமணி நேரமும் நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். கெல்ஸோ ஏதோ கிண்டல் பண்ணினார், நீ அங்கேயே, அந்த நொடியிலேயே பதில் கொடுத்தாய். என்ன சொன்னாய் என்று எனக்குப் புரியவில்லை, எண்ணெல்லாம் வந்தது. பதில் வீட்டுக்குப் போய்த்தான் தோன்றும் என்று எழுதியவள் நீதானே? ஊருக்குத் திரும்பி வந்துவிடு என்று கேட்கலாம் என்ற எண்ணத்தோடுதான் ரயில் ஏறினேன் மார்லிஸ், இப்போது சொல்கிறேன். கேட்கவில்லை.

நேற்று மில்லர்ஸ் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அடுத்த ஏப்ரலுக்கு ஒரு பையனை வைத்துக்கொள்வோமா, எப்படிப்பட்டவன் வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நல்லா ஆடுறவனா அனுப்பு" என்றேன்.

"நல்லா ஆடுறவன் ஜூலைல போயிடுவானே வெர்னா."

"பரவால்ல. ஜூலை வரைக்கும் சாப்பாடு போடுறேன்."

உன்,
அம்மா